முதலில் யார்?

கர்னல் தார்மோ சாப்பிடத்தான் வந்திருக்கிறார் என்று யரீனாவுக்குத் தோன்றியது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், கறுப்பு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தார் அந்த எஸ்தோனியாக்காரர்.

உக்ரைனுக்கு யார் எத்தனை பீரங்கி தருவது என்று போலந்து எல்லையோர முகாமில் நேச நாட்டு அதிகாரிகள் கூடியிருந்தார்கள். உக்ரைனிலிருந்து வந்திருந்தவள் மேஜர் யரீனா மட்டும்தான். அந்த மேசையில் யாரும் முதலில் எண்ணிக்கை சொல்வதில்லை. இன்னொருவர் சொல்லட்டும், பார்த்துக்கொண்டு நாம் சொல்லலாம் என்று காத்திருப்பதே வழக்கம்.

அவளால் காத்திருக்க முடியவில்லை. போர்முனையிலிருந்து தம்பி போன் செய்திருந்தான். "பீரங்கிக் குழல் தேஞ்சுபோச்சுக்கா. குண்டு எங்க விழும்னு எங்களுக்கே தெரியல."

தலைமை வகித்த ஜெனரல், அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம் என்று கோப்பை மூடினார்.

தார்மோவின் செல்போன் அதிர்ந்தது. அவர் நாட்டுத் தலைநகரிலிருந்து அழைப்பு. அதைத் துண்டித்து, கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"எஸ்தோனியா தருது. எங்க பெரிய பீரங்கி எல்லாத்தையும்."

ஜெனரல் சிரித்தார். "எல்லாத்தையும்னா? ஒரு கையில எண்ணிடலாமா, கர்னல்?"

"ரெண்டு கை வேணும், ஜெனரல். கால் விரலையும் சேத்துக்கோங்க."

சிரிப்பு அடங்கியபின் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய நாடு, வீட்டில் இருப்பதையெல்லாம் வழித்துக் கொடுக்கிறது. ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓர் எண்ணிக்கை சொன்னார். அடுத்தவர் அதைவிடக் கூட்டிச் சொன்னார். கடைசியில் ஜெனரலும் மூடிய கோப்பைத் திறந்தார். இந்த வாரமே லாரிகள் கிளம்பும் என்று முடிவானது.

நடைவழியில் யரீனா ஓடிப்போய்த் தார்மோவைப் பிடித்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். வாயில் வேறு வந்தது.

"ரஷ்யா உங்களுக்கும் பக்கத்து வீடுதானே, கர்னல். இனிமே உங்க எல்லையில என்ன இருக்கு?"

"காடு இருக்கு."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இவ்வளவு பெரிய மனசு எந்த மந்திரிக்கு வரும், உங்கள் மந்திரி எப்படித்தான் சம்மதித்தார் என்று கேட்டாள்.

தார்மோ கோட்டுப் பொத்தானை மாட்டினார். தப்பான ஓட்டையில் மாட்டினார்.

"அவருக்கு இன்னும் தெரியாது, மேஜர்."