டாங்கியின் உள்பக்கம்

அய்யம்மாள் அத்தை டாங்கியை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு முழ நீளம். மண்ணெண்ணெய் டின் தகடு, பூட்டுப் பட்டறையில் மிஞ்சிய பித்தளை, பீரங்கிக் குழாய்க்கு ஒரு பழைய குடையின் தண்டு. பட்டாளத்தில் கொடுத்த லீவில் பாதி இதற்கே போய்விட்டது.

ஊருக்கு வந்த அன்று அத்தை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செப்டம்பர் சண்டையில் எரிந்துபோன டாங்கிக்குள் தன் மகன் சங்கிலி எங்கே உட்கார்ந்திருந்தான் என்று காட்ட வேண்டும். தந்தியில் அதெல்லாம் இல்லை. நானும் அதே டாங்கியில் இருந்தவன். வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. பூட்டுக்காரன் மகனுக்கு வாயைவிடக் கை கொஞ்சம் தேவலை.

பக்கத் தகட்டை உருவி உள்ளே காட்டினேன்.

வெளியே பச்சை, உள்ளே முழுக்க வெள்ளை. இருட்டில் கண் தெரிய வேண்டுமென்று நிஜ டாங்கியிலும் அப்படித்தான் அடித்திருப்பார்கள். குண்டுகளுக்குப் பித்தளை ரிவிட்டுகளை அடுக்கியிருந்தேன். ரேடியோப் பெட்டி, தண்ணீர் டின், குண்டூசியில் செய்த கியர்க் கம்பிகள். இருக்கைகளுக்கு பேகம்பூர் தோல்கடை அப்பாஸ் பாய் கொடுத்த துண்டுத் தோல். முன்னால் கீழே இருந்தது சங்கிலியின் இருக்கை. அவன்தான் டிரைவர். அந்தத் தோலில் இருந்த கிழிசலைக்கூட நான் விடவில்லை.

அத்தை அந்தக் கிழிசலைச் சுண்டுவிரலால் தொட்டாள். ஆபீசர் கடிதத்தில் எழுதியதையே நானும் சொன்னேன். உடனே முடிந்துவிட்டது, வலியே இருந்திருக்காது. பொய் சொன்னால் எனக்கு நாக்கு வறளும். வறண்டது.

சங்கிலியின் தலைக்கு மேலே ஒரு மூடி. அத்தை நகத்தால் நெம்பினாள். லேசாகத் திறந்துகொண்டது.

"கதவு இம்புட்டுப் பக்கத்துலயா இருந்துச்சு, அப்பு?"

அவள் பீரங்கிக் குழாயைப் பிடித்துத் திருப்பினாள். அது அசையவில்லை.

"இது கொழவி கணக்கா சுத்தும்னு காயிதத்துல எழுதியிருந்தானே."

"சின்னதுல அதெல்லாம் சுத்தாது அத்தை."

யாரிடம் போய் அளக்கிறேன்? இருபது வருஷமாகப் பூட்டுச் சாமானை அரத்தால் ராவுகிறவள். டாங்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பீரங்கிக் கூண்டு உடம்பில் உட்காரும் இடத்தில் நாலு ஈயப் பொட்டுகள் இருந்தன. முதலில் சுழலும்படிதான் செய்திருந்தேன். வேறு மாதிரிச் செய்ய என் கை கேட்கவில்லை. செய்து முடித்த பிறகுதான் பயம் வந்து, சுழலாதபடி ஈயம் வைத்தேன்.

அத்தை பக்கத்தில் கிடந்த மெல்லிய அரத்தை எடுத்தாள்.

பிடுங்கியிருக்கலாம். உடைந்துவிடும் என்றாவது சொல்லியிருக்கலாம். என் கைகள் மடியில் கிடந்தன. நாலு பொட்டும் ராவி உதிரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூண்டு சுழன்றது. ஓரிடத்தில் குழாய் சங்கிலியின் மூடிக்கு நேர் மேலே வந்து நின்றது. அத்தை மூடியை நெம்பினாள். ஓர் அரிசி உயரம் எழும்பி, டொக்கென்று குழாயில் முட்டி நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

குழாயைத் தள்ளினாள், மூடி திறந்தது. திருப்பிக் கொண்டுவந்தாள், திறக்கவில்லை. எந்தப் பூட்டையும் கடைக்கு அனுப்புமுன் பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்ப்பது எங்கள் தெரு வழக்கம். அத்தை பத்துத் தடவையும் பார்த்தாள்.

"அன்னைக்கி இங்கனதான் நின்னுச்சா?"

தலையாட்டினேன். அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மறுபடியும் உள்ளே குனிந்தாள், பூட்டில் எந்தச் சாமான் குறைகிறது என்று தேடுகிற மாதிரி.

பீரங்கியின் பின்பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. கரண்டு போய்விட்டால் கூண்டைக் கையாலேயே திருப்புவதற்கான சக்கரம். சாவித் தலையை ராவி அதை நன்றாகவே செய்திருந்தேன். அதன் எதிரே வெறும் வெள்ளைத் தகடு.

"கீழ நான் ஒருத்தன், மேல மூணு பேருன்னு எழுதியிருந்தான். மேல ரெண்டு சீட்டுதான இருக்கு?"

அந்த இடத்தில் மட்டும் நான் இரண்டு தடவை பெயின்ட் அடித்திருந்தேன்.

"இந்தச் சக்கரத்த யாரு சுத்துறது, மாணிக்கம்?"

அத்தை என்னை அப்பு என்றுதான் கூப்பிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

எட்டுச் சுற்று போதும், குழாய் மூடியைவிட்டு விலகிவிடும். தீ பிடித்ததும் நான் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் மேலே ஏறி வெளியே குதித்தேன். கீழே மூடி முட்டிக்கொண்டே இருந்தது.

சட்டைப்பையில் கைவிட்டு, செய்து முடித்தும் வைக்காமல் விட்டிருந்த நாலாவது இருக்கையை எடுத்து, அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.