ஐந்து தரம் எழும்பி இருத்தல்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ. இணுவிலில் நடந்த ஒரு சின்னக் கதை இருக்கிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

வைகாசி மாதம், செவ்வாய் பின்னேரம். மூன்றாம் தரமும் இராசமலரால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. பாதி எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று இருந்துவிட்டாள். எழுபத்துமூன்று வயது.

“ஏலாது பிள்ளை. கால் சொல்லுக் கேக்குதில்லை.”

எதிரே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள் கஜந்தினி. வவுனியாப் பக்கத்துப் பிள்ளை, இணுவிலுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் விடுதியொன்றில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வயது போன பெண்கள் ஏன் விழுகிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி. கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்க வேண்டும், கோடு கீறுகிற அடிமட்டத்தை அவள் நழுவவிட, எட்டிப் பிடிக்க வேண்டும். பலமில்லாதவர்களின் வீட்டுக்குச் செவ்வாய்தோறும் வந்து பயிற்சி கொடுப்பார்கள். தேறிவிட்டால் வரமாட்டார்கள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், இராசமலர் தை மாதமே தேறிவிட்டாள். போன வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயில் வீதி முழுக்க அடி அழித்தவள். அடிக்கொரு தரம் விழுந்து கும்பிட்டு எழும்புகிற நேர்த்தி அது, இளம் பெண்களே பாதியில் களைத்துவிடுவார்கள். என்ன நேர்த்தி என்றால், இந்தப் பிள்ளையின் வரவு நிற்கக்கூடாது.

பெற்ற மூன்றும் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முகம் காட்டுவார்கள். அந்த வீட்டுத் தெருவாசல் படலைக் கொளுக்கியைத் தூக்குகிற கை, கஜந்தினியின் கை ஒன்றுதான்.

முந்தி வெள்ளைக் கோட்டுப் போட்டு, இன்னும் இரண்டு பேரோடு வான் வண்டியில் வந்த பிள்ளை, இப்போது தனியச் சைக்கிளில் வருகிறாள். இரண்டு ரொட்டியை ஒரு மணித்தியாலம் வைத்துச் சாப்பிடுவாள். இராசமலருக்கு அது நல்ல வசதி, கதைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது அடிமட்டம். அது விழுந்து ஓய்ந்த பிறகுதான் இராசமலரின் விரல்கள் மூடின. கஜந்தினி எழுதத் திரும்பியபோது முழங்கை பட்டு, மேசை விளிம்பிலிருந்த வெறும் கிளாஸ் சரிந்தது.

அது நிலத்தைத் தொடவில்லை. கதிரையை விட்டு எழும்பிய வேகத்தில் இராசமலர் அதைப் பிடித்திருந்தாள்.

இராசமலர்தான் முதலில் வாய் திறந்தாள்.

“நடிச்சனான் பிள்ளை. நீர் உள்ளதை எழுதும், என்னாலை உம்மடை படிப்பிலை பிழை வரக்கூடாது.” கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். “அப்ப, இனி வரமாட்டீர் என்ன?”

கஜந்தினி கையிலிருந்த தாளை அவள் பக்கம் திருப்பினாள். அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

“ஆராய்ச்சி மாசியோடை முடிஞ்சுதம்மா.”

அவ்வளவுதான் கதை. உங்கடை வீட்டுப் படலைக் கொளுக்கியும் ஒருநாளும் துருப்பிடிக்காமல் இருக்கட்டும், பிள்ளையள்.