புகை படாத வீடு

"அடுப்பு வேண்டாம், அழகமுத்து. அந்த மூலையையும் அடைச்சு விடும்" என்றார் சோதிலிங்கம்.

அழகமுத்து கையில் களிமண்ணோடு அப்படியே நின்றார். முப்பது வருஷமாகக் கொத்து வேலை செய்கிறவர். அடுப்பு வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்காரரை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அடுப்பு இல்லாம எப்படீங்கய்யா? சோறு எங்க ஆக்குவீங்க?"

"அதைப் பிறகு பாப்பம்."

வத்தேகம ரோட்டுக்குக் கீழே, யாரும் விதைக்காமல் விட்ட சேற்றுவயலில் அந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சேற்றில் ஊன்றிய கித்துல் மரக்கால்கள், அவற்றின் மேல் மூங்கில் தளம். கமுகஞ் சலாகையில் வரிச்சுக் கட்டி, அந்த வயலிலேயே அறுத்த பன்புல்லைத் திணித்து, மேலே மெல்லிசாகக் களிமண் பூசிய சுவர். ஓர் ஆணிகூடக் கிடையாது, எல்லாம் தும்புக்கயிறுதான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கட்டட வேலை படிப்பிக்கும் மடவளை ஊர்க்காரர் பஹ்மிக்கு வாயெல்லாம் பல். சீமெந்து மூட்டையைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனிதர் அவர். சதுப்பு நிலத்தில் அந்த நிலம் தருவதைக் கொண்டே கட்ட வேண்டும் என்று ஏழு வருஷமாக எழுதித் தள்ளுகிறார். படித்துவிட்டுப் பாராட்டியவர்கள் உண்டு, கட்டியவர்கள் ஒருவரும் இல்லை. சோதிலிங்கம்தான் அவருக்கு அகப்பட்ட முதல் ஆள்.

"மாஷா அல்லாஹ்! அடுப்பும் இல்லையா ஐயா? ஒரு மூட்ட சீமெந்து செய்ய எவ்வளவு எண்ணெய எரிக்கிறாங்க, எவ்வளவு புகய வானத்துக்கு அனுப்புறாங்க தெரியுமா? இந்த ஊட்டால ஒரு பொட்டுப் புகயும் போகாது. நான் வகுப்புல வாய் நோகச் செல்ற வீடு இதுதான்!"

சோதிலிங்கம் பருத்தித்துறைக்காரர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறிக் கீறியே கண்டியில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர்.

எண்பத்து மூன்று ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வாக்காளர் பட்டியலும் கையுமாக வந்தவர்கள், இதே ரோட்டில் இருந்த அவருடைய கல்வீட்டைக் கொளுத்தினார்கள். கூரை விழுந்ததும் கைதட்டி, சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். அந்த நேரம் அவரும், பாரிசவாதத்தில் கிடையாய்க் கிடக்கும் மனைவி சத்தியபாமாவும் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் குசுமாவதியின் பின்னறையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அதே பின்னறைதான். யாழ்ப்பாணம் போகலாமென்றால் அங்கே ஷெல் விழுகிறது. தனியாக உட்காரக்கூட முடியாத மனுஷியை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

"இனி உங்கட மிஸிஸுக்கு நல்ல காத்து, நல்ல குளிர்ச்சி" என்றார் பஹ்மி.

"அவவுக்காகத்தான் தம்பி கட்டுறன். அவ உயிரோட இருக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அந்தக் குரலில் பஹ்மிக்கே கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தான் கமராவை எடுத்தார். படம் பிடிக்கப் போனவரின் கண்ணில், ரோட்டைப் பார்த்து மாட்டியிருந்த பெயர்ப்பலகை பட்டது. 'இல. 41, க. சோதிலிங்கம்' என்று மூன்று மொழியிலும் முழ நீள எழுத்துகள். எரிந்த வீட்டின் அதே இலக்கம்.

கண்டித் தமிழர்கள் பெயர்ப்பலகைகளைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டிருந்த காலம் அது. "உங்கட தைரியம் யாருக்கும் வராது ஐயா" என்றார் பஹ்மி. சோதிலிங்கம் பலகையில் தெறித்திருந்த களிமண்ணைத் துடைத்துவிட்டார்.

மத்தியானச் செய்திக்கு அழகமுத்து தன் ரேடியோவைத் திருப்பினார். வடக்கில் கண்ணிவெடி. இறந்த படையினரின் உடல்கள் கொழும்புக்கு வருகின்றனவாம். எண்பத்து மூன்றிலும் இப்படித்தான் தொடங்கியது.

"நான் கெளம்புறேங்கய்யா. பொம்பளப் புள்ளைங்க தனியா இருக்குதுங்க."

சோதிலிங்கம் ஓடி வந்து அவருடைய மண் அப்பிய கைகளைப் பிடித்துக்கொண்டார். "கிடுகை மட்டும் வேய்ஞ்சிட்டுப் போம். உம்மைக் கும்பிட்டன். இண்டைக்கே முடிக்கவேணும்."

அழகமுத்துவால் தட்ட முடியவில்லை. பஹ்மியும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னோலைக் கிடுகு எடுத்துக் கொடுத்தார். நாலு மணிக்குக் கூரை முடிந்தது. ரோட்டில் அப்போதே பஸ் குறைந்திருந்தது. கடைகளில் பலகை போட்டுப் பூட்டும் சத்தம் கேட்டது. அழகமுத்து கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்.

"நானும் நிக்கிறேன் ஐயா. ரெண்டு பேருமாத் தூக்கி அவங்கள இப்பவே இங்க கொண்டு வந்துருவோம்" என்றார் பஹ்மி.

"இஞ்சையோ?" சோதிலிங்கம் பதறிப்போனார். "என்ன கதை தம்பி? அவ குசுமாவதி வீட்டிலதான் இருப்பா. நானும் அங்கதான்."

"அப்ப இதுல யாரு இருக்கப் போறது?"

"ஒருதரும் இல்லை."

பஹ்மிக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதுக் கூரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சோதிலிங்கம் ரோட்டுப் பக்கம் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எரிக்க வீடொண்டு இல்லாட்டி, ஆக்களைத் தேடுவாங்கள் தம்பி."