பின்னால் வந்தவர்

வேவுத் துறையில் அவருக்கு ‘அட்டை’ என்று பெயர். ஒட்டினால் உதற முடியாது. ஒரு தடவை, தான் பின்தொடர்ந்த ஆளின் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

சண்டை மும்முரமாக நடந்த சமயம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைக் கண்காணிக்கச் சொன்னார்கள்.

கிழவர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே தெருவை நாலு சுற்றுச் சுற்றுவார். சட்டென்று நின்று திரும்பிப் பார்ப்பார். யார் வீட்டுக் கதவையாவது தட்டி, எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ராணுவ லாரியில் அடிபட இருந்தவரை ஒருநாள் அட்டைதான் இழுத்துக் காப்பாற்றினார். ஆள் போய்விட்டால் அப்புறம் யாரை வேவு பார்ப்பது?

“பலே உளவாளி சார்!” என்றார் அதிகாரியிடம்.

“அவர் வீட்டுத் தபாலையெல்லாம் பிரிச்சுப் படிச்சாச்சுய்யா. போர்முனையிலேருந்து பையன் எழுதறான், குளிருது, கம்பளி பத்தலைன்னு. அதை வெச்சு யாரைப் பிடிக்கிறது? நீ கையும் களவுமா பிடிச்சுட்டு வா.”

மறுநாள் கிழவர் துறைமுக வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். அத்துமீறி நுழைந்தால் சுடச் சொல்லி உத்தரவு. காவலாளி துப்பாக்கியைத் தூக்கியேவிட்டான்.

அட்டை ஒரே பாய்ச்சலில் போய்க் கிழவரைக் கட்டிக்கொண்டார்.

“எங்க பெரியவரே போறீங்க?”

“வீட்டுக்குத்தான் தம்பி. எந்தப் படுபாவியோ எங்க தெருவைத் தூக்கிட்டுப் போயிட்டான்” என்று சிரித்தார் கிழவர். “ஆமா, உங்க வீட்டுக்குத் தபால் எதுவும் நான் பாக்கி வைக்கலையே?”

அட்டைக்கு அப்போதுதான் புரிந்தது. உளவாவது ஒன்றாவது! மனுஷர் வழி மறந்து அலைகிறார்.

கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். கிழவரின் மனைவி கதவைத் திறந்தாள்.

“அம்மா, நான் சர்க்கார் ஆள். இத்தனை நாளா ஐயாவைச் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே சுத்தினேன். எங்க மேலதான் தப்பு. இவர் மேல ஒண்ணும் இல்லைன்னு இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன். நாளையிலேருந்து ஒரு பய இவர் பின்னால வரமாட்டான். நிம்மதியா இருங்க.”

அந்த அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“என்ன தம்பி, இப்படிக் குண்டைத் தூக்கிப் போடறே! பையன் சண்டையில. எனக்கோ மூட்டு வலி, வாசலைத் தாண்ட முடியாது. போன தடவை ‘உளவாளி’ன்னு எழுதிட்டேன். அடுத்த மொட்டைக் கடுதாசியில இவரை என்னன்னு எழுதறது?”