வெள்ளையா, பச்சையா?

நியூயார்க்கில் உள்ள அந்த டைல்ஸ் கடையில், ஓரெஸ்ட்டும் அவர் மனைவி லெசியாவும் நாலாவது சனிக்கிழமையாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"குளிக்கிற இடத்துல, சுரங்க ரயில் ஸ்டேஷன் சுவர்ல இருக்கிற மாதிரி வெள்ளை சப்வே டைல்ஸ்தான். இல்லன்னா நான் குளிக்கவே மாட்டேன்" என்றார் ஓரெஸ்ட்.

"சமைக்கிற இடத்துல பச்சைதான். இல்லன்னா நான் அடுப்பே பத்தவைக்க மாட்டேன்" என்றாள் லெசியா.

கடைக்காரர் விட்டோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"குளியலறைக்கு வெள்ளை, சமையலறைக்குப் பச்சை. ரெண்டையும் வாங்கிட்டுப் போங்களேன். இதுல சண்டை எங்கய்யா வருது?"

இருவரும் அவரை ஊருக்குப் புதுசாக வந்தவரைப் போலப் பார்த்தார்கள்.

"எங்களுது பழைய காலத்து ஃபிளாட். குளிக்கிற தொட்டி அடுப்புக்குப் பக்கத்துலதான் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே சுவர்" என்றாள் லெசியா. "இந்த மனுஷன் சோப்பு போட்டுக்கிட்டேதான் தினமும் என் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுறாரு."