தாய்மாமன் சாயல்

"ஸ்கேன் வேற, ஜீன் டெஸ்ட் வேற! உங்க தாய்மாமன் சாயல் வந்து விடிஞ்சிருக்கு. இதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா?"

ஆஸ்பத்திரி நடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார் கணவர். கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுப் பழகிய குரல். அவர் மடியில் உட்கார்ந்து சட்டைப் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் மகள் சிட்டு. ஏழு வயது. சோடாபுட்டிக் கண்ணாடி. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராது. நடந்தால் கால் பின்னும்.

பக்கத்தில் இருந்த மனைவி ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டாள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதுதான் மிச்சம். அவளுடைய தாய்மாமா ஒருவர் கொஞ்சம் புத்தி மந்தம். அந்த அப்பாவி மனுஷன் செத்துப் பல வருஷமாகியும் மாமியார் வாயில் மட்டும் சாகவே இல்லை. போதாக்குறைக்குப் போன மாதம் கணவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னொண்ணு வேணும்னு கேக்காத. உங்க ரத்தத்துல ஒண்ணு பட்டது போதும்."

இன்றைக்கு அதற்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு தனியாக உள்ளே போனாள்.

"முதல்ல நல்ல சேதி" என்றார் டாக்டரம்மா. "ஜீன்ல ஒரு குறையும் இல்ல. உங்க பக்கமும் இல்ல, அவர் பக்கமும் இல்ல."

"அப்ப... எங்க மாமா?"

"எந்த மாமாவும் காரணம் இல்லம்மா. குறைமாசத்துல பிறந்த குழந்தை. கண்ணுல இருக்கற தழும்பு, மூளையில இருக்கற சேதம், ரெண்டும் ஒரே கதையைத்தான் சொல்லுது. சத்தியம் பண்ண முடியாது. ஆனா, பிறந்த புதுசுல ஆக்சிஜன் கூடிப்போயிருக்குன்னுதான் எனக்குப் படுது."

"கூடினாலும் கெடுதலா டாக்டர்?"

"அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுதானே? காத்துப்பட்டு இரும்பு துருப்பிடிக்குதில்ல, அந்த மாதிரி. வளர்ந்த மூளை அந்தத் துருவை அப்பப்ப துடைச்சுக்கும். பிஞ்சு மூளைக்கு அந்தத் தெம்பு இல்ல. அதனாலதான் கொஞ்சம் குறைச்சே வைப்பாங்க. இவ பிறந்த ஆஸ்பத்திரியில யாராவது ஆக்சிஜனை அடிக்கடி கூட்டி வச்சாங்களா?"

"தெரியலையே. நான் வயித்துத் தையலோட வேற மாடியில கிடந்தேன்."

"விசாரிச்சுப் பாருங்க. தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

எழுந்தபோது அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஏழு வருஷம்! எத்தனை பேச்சு, எத்தனை ஏச்சு! எந்தக் கவனமில்லாத நர்ஸ் செய்த வேலையோ, அந்தக் கை விளங்காமல் போக என்று வயிறெரியச் சபித்தபடியே வெளியே வந்தாள்.

"ஏங்க, எங்க வம்சம் இல்லையாம். பிறந்தப்ப ஆஸ்பத்திரியில ஆக்சிஜன்..."

"ஆக்சிஜனா? அதை என்கிட்டக் கேளு!" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துல ராவும் பகலும் நின்னவன் நான். அந்தக் கஞ்ச நர்ஸை நம்பியிருந்தா இவ அன்னைக்கே போயிருப்பா. திரையில ஆக்சிஜன் அளவு எப்பப் பாரு, தொண்ணூறு, தொண்ணூத்திரண்டு. அதுக்கு மேல வைக்கவே மாட்டாளாம்! நான் விடுவேனா? அவ அந்தப் பக்கம் திரும்பினதும் குமிழைத் திருகி, நூறு ஆக்கிட்டுத்தான் மறுவேலை. தினம் தினம்! இவ உசுரைக் காப்பாத்தினதே நான்தான்டி."

அவள் குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"யார் கூட்டி வச்சதுன்னு டாக்டர் கேட்டாங்க. போங்க, நீங்களே போய்ப் பெருமையா சொல்லிட்டு வாங்க."