செவ்வாய் வியாழன் இங்கிலீஷ்

"உம்மட பிரெஞ்சு மனிசி இண்டைக்காவது ஒரு வசனம் ஒழுங்காச் சொன்னவவோ?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கணவன் வரதராஜா கேட்டுவிட்டான். யோகராணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஏழு கிழமை முடிந்துவிட்டது. அவளிடம் படிக்கிற மதாம் ஒடெத்தின் இங்கிலீஷ் முதல் நாள் இருந்த இடத்திலேயேதான் குந்திக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவள் யோகராணி. எழுபத்தைந்தாம் ஆண்டில் மெல்பேர்னுக்கு வந்த பிறகு அவளுடைய சான்றிதழைப் பிரித்துப் பார்க்கவும் ஆளில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நூலகச் சுவரில் அந்த அறிவிப்பைக் கண்டாள். குடியேறி வந்தவர்களுக்கு வீட்டில் வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க உதவி ஆசிரியர்கள் தேவை. இரண்டு மாதம் சம்பளம் கிடையாது. மாணவர் தேறினார் என்று அறிக்கை வந்தால் அடுத்த வருடம் பாடசாலையில் சம்பளத்தோடு வேலை.

மறுநாளே நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த மிஸ் ஹார்ப்பர் தங்கமான பெண். அறிவிப்பைக் கண்டு வந்தேன் என்று இவள் சொன்னதுமே ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார், கோபர்க் பகுதியில் ஒரு விலாசத்தை எழுதிக் கையில் கொடுத்தார். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்குப் போனால் போதும் என்றார்.

டிராமை விட்டிறங்கி அந்தக் கதவைத் தாண்டினால் அப்பால் அவுஸ்திரேலியா இல்லை, பிரான்ஸ். மதாம் ஒடெத் மார்செய் நகரத்துக்காரி, ஐம்பது இன்னும் ஆகவில்லை. வாசலிலேயே இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துத்தான் உள்ளே விடுவார். முதல் நாள் யோகராணி பயந்து படியால் விழப் பார்த்தாள். கோப்பியைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார்கள். பாண் ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பிலேயே போடுவார்கள். பச்சை இலைகளைச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு தின்பார்கள். யோகராணிக்கு எல்லாமே புதினம். ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து வரதராஜாவிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

பாடம் என்று உட்கார்ந்தால் மதாம் முந்திக்கொள்வார். பாணைத் தூக்கிக் காட்டி, "இது பாண்" என்று பிரெஞ்சு வாடை அடிக்கிற இங்கிலீஷில் சொல்லிவிட்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிழையை முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது, மாணவர் சொன்னதையே நாம் திருத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், கேட்டுக் கேட்டே திருந்திவிடுவார்கள் என்பது கன்னியர் மடத்துப் பாடம். யோகராணியும் அதே வசனத்தை அழகாகத் திருப்பிச் சொல்வாள். உடனே மதாம், "பிராவோ!" என்று கை தட்டுவார். தன் முதுகைத் தானே தட்டுகிற இப்படியொரு மாணவியை யோகராணி கண்டதேயில்லை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். இந்த அம்மி அசைகிற பாடாயில்லை.

அதைவிட இன்னொன்றுதான் அவளைப் போட்டுக் குடைந்தது. அன்றைக்கு வாசலில் பால்காரன் வந்து நின்றான். மதாம் அவனோடு பிடித்தாரே ஒரு சண்டை, அத்தனையும் இங்கிலீஷில், மூச்சு விடாமல். கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்ததும் பழையபடி, "இது மேசை." பால்காரனுக்கு வருகிற இங்கிலீஷ் பாடத்துக்கு மட்டும் எங்கே ஓடி ஒளிகிறது?

"பேசாமல் அவவிட்டையே கேளுமன்," என்றான் வரதராஜா.

"படிக்க வந்த மனிசியிட்டை, நீ ஏன் படிக்கேல்லை எண்டு கேக்கிறதே? பாவம், வெக்கப்பட்டுப் போவா. பிறகு அறிக்கையும் போச்சு, வேலையும் போச்சு. நான் பிஸ்கட் பெட்டியோடையே கிடந்து சாக வேண்டியதுதான்."

வரதராஜா அதோடு கேலியை விட்டுவிட்டான்.

எட்டாவது கிழமை வியாழக்கிழமை கடைசிப் பாடம். அன்றைக்கு மதாம் நாலு முத்தம் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாகிவிட்டது, நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன், கவலைப்படாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என்ன எழுதியிருப்பார், எந்த இங்கிலீஷில் எழுதியிருப்பார் என்று நினைத்து நினைத்து யோகராணிக்கு டிராமில் இருக்கையே கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். கைப்பையில் யாழ்ப்பாணத்துச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. பாடசாலை வேலை என்றதும் நீட்ட வேண்டுமே. மிஸ் ஹார்ப்பர் இவளைக் கண்டதும் எழுந்து வந்து கை குலுக்கினார். இவ்வளவு நல்ல அறிக்கை இந்த வருடம் யாருக்கும் வரவில்லை என்று வழக்கம்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். யோகராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கணத்திலேயே பிஸ்கட் தொழிற்சாலைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

அறிக்கையைத் தானும் ஒருமுறை வாசிக்கலாமா என்று கேட்டாள். மிஸ் ஹார்ப்பர் பெருமையோடு எடுத்து நீட்டினார்.

"ஆசிரியை: மதாம் ஒடெத். மாணவி: திருமதி யோகராணி. நல்ல அடக்கமான பெண். நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு வசனத்தையும் உடனே திருப்பிச் சொல்கிறாள். தொழிற்சாலை வேலைக்கு இந்த இங்கிலீஷ் தாராளம். உச்சரிப்புத்தான், எட்டுக் கிழமை நானும் எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்தேன், என்னைப் போல அவளுக்கு வரவே மாட்டேன் என்கிறது."